காது வளர்ந்துவிட்டது, விரலுக்கு இன்னும் 16 வயது

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: வயது 56. ஏழாம் வகுப்பில் வீணை தொடங்கி, மோகன வர்ணம் (மோகன ராகத்தில் அமைந்த பயிற்சிப் பாட்டு) முடித்து, அடுத்த வர்ணம் பாதியில் இருக்கும்போது ப்ளஸ் டூ வந்தது. "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உறை போட்டு வைத்த வீணை பரணுக்குப் போயிற்று. அப்புறம் கல்லூரி, கல்யாணம், வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், மாமியார் படுக்கையில் கிடந்த ஆறு வருஷம். இப்போது விருப்ப ஓய்வு வாங்கியாயிற்று. நாற்பது வருஷம் கழித்துத் தொட்டால் வருமா? பரணில் கிடக்கும் வீணை வாசிக்கிற நிலையில் இருக்குமா? வீட்டில் சிரிக்கிறார்கள். வகுப்பில் சின்னக் குழந்தைகளோடு உட்கார வெட்கமாகவும் இருக்கிறது.

வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

27 வருஷமாக நங்கநல்லூரில் வீட்டிலேயே வீணை சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பத்து வருஷம் வந்தவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். இப்போது பாதிப் பேர் 45 தாண்டியவர்கள். அவர்களிலும் புதிதாகக் கற்க வருகிறவர்கள் குறைவு, விட்ட இடத்தைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். வந்தவர்களில் பலர் ஆறு மாதத்துக்குள் மறுபடி நிறுத்திவிட்டதையும் பார்த்திருக்கிறேன். நேரம் இல்லை, முட்டி வலி, பேத்தி பிறந்திருக்கிறாள் என்று காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் அநேகமாக ஒன்றுதான். அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் நீங்கள் நிறுத்தமாட்டீர்கள் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

வீணையை விட்ட நாற்பது வருஷமும் நீங்கள் சங்கீதத்தை விட்டிருக்கமாட்டீர்கள். சமையல் செய்யும்போது ரேடியோ, அப்புறம் கேசட், அப்புறம் சிடி, இப்போது போன். சபாவுக்குப் போயிருப்பீர்கள். ராகம் தொடங்கி இரண்டு பிடி விழுந்ததும் பைரவியா, மாஞ்சியா என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தெரியும். அதாவது உங்கள் காது நாற்பது வருஷம் விடாமல் சாதகம் (பயிற்சி) செய்திருக்கிறது. விரல் மட்டும் ப்ளஸ் டூ பரீட்சைக்கு முந்தின நாளிலேயே நிற்கிறது. ஏழாம் வகுப்பில் நீங்கள் வாசித்தது அபஸ்வரமாக இருந்தாலும் உங்களுக்கு அது தெரியவில்லை, அதனால் சந்தோஷமாக வாசித்தீர்கள். இப்போது சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடத்தில் ஒரு ரிஷபம் இம்மி விலகினாலும் காது சுடும். குழந்தைக்கு இந்தத் தண்டனை கிடையாது. அறுபதை நெருங்குகிறவர்களுக்கு மட்டும்தான்.

இந்த இடைவெளி எப்போது பெரிதாகத் தெரியும் என்றுகூட மாதக் கணக்கில் சொல்வேன். பெரும்பாலோர் விஜயதசமிக்குத் தொடங்குவார்கள். நல்ல நாள், சரஸ்வதி பூஜையில் வைத்த வாத்தியம், உற்சாகமும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஓடிவிடும். மார்கழி வந்ததும் சபா சபாவாக ஏறி இறங்குவார்கள். பெரிய வித்வாம்சினி தோடி ராகத்தை ஒரே மெட்டில் (தந்திக்கு அடியில் இருக்கும் உலோகக் கட்டை) நிறுத்தி, தந்தியை இழுத்தே நாலு ஸ்வரம் காட்டுவதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மறுநாள் காலையில் வீட்டில் ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசை. பொங்கலுக்குள் போன் வரும், "டீச்சர், கொஞ்ச நாள் கேப் எடுத்துக்கறேன்." அதனால் திரும்பி வருகிறவர்களிடம் முதல் மார்கழிக்கு வீணைக் கச்சேரிக்கு மட்டும் போகாதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். வாய்ப்பாட்டு கேளுங்கள், நாகஸ்வரம் கேளுங்கள். விநோதமான அறிவுரைதான், என் சக ஆசிரியர்கள் சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் ஆட்கள் தங்குகிறார்கள்.

இனி நல்ல செய்தி. எல்லாம் மறந்துபோயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை. ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்று ஒருவர், 1885இல் ஞாபகம் பற்றிப் புத்தகம் போட்டார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே நெட்டுருப் போட்டு, மறந்த பிறகு மறுபடி நெட்டுருப் போட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்தவர். முழுக்க மறந்துவிட்டதாகத் தோன்றியதைக்கூட இரண்டாம் முறை கற்க நேரம் குறைவாகவே பிடித்தது. ஏதோ ஒன்று அடியில் தங்கியிருந்திருக்கிறது. கைப்பழக்கம் சொற்களைவிட இன்னும் ஆழமாகத் தங்கும். சைக்கிள், நீச்சல், கோலம் எல்லாம் அந்த வகைதான். இருபது வருஷம் புள்ளி வைக்காதவள்கூட மாவைக் கையில் எடுத்தால் இழை தானாக விழும்.

போன வருஷம் ஒரு அம்மா வந்தார். 61 வயது, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "ஸரிகம கூட மறந்துடுத்து, அடியிலிருந்து ஆரம்பிங்கோ" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, என் வீணையில் சும்மா மோகன வர்ணத்தின் பல்லவியை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், வாசித்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்தேன். இடது கை புடவை மேல் கிடந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் துணி மேல் நகர்ந்துகொண்டிருந்தன, காந்தாரத்துக்கு ஏறின, ரிஷபத்துக்கு இறங்கின. அவருக்கே தெரியாது. நான் நிறுத்தியதும் விரலும் நின்றது. "மாமி, உங்க கையைப் பாருங்கோ" என்றேன். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை.

ஆனால் விரல் நல்லதை மட்டும் ஞாபகம் வைத்திருக்காது. பழைய தப்பையும் பத்திரமாக வைத்திருக்கும். அந்தக் காலத்தில் ஊர்ப் பக்கம் கற்ற பலர் இடது கை இரண்டு விரலையும் ஒட்ட வைத்தே எல்லாவற்றையும் வாசிப்பார்கள். விரல் பிரித்து வாசிக்க யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். இரண்டாம் காலம் வந்ததும் அது காலை வாரும். உங்களுக்கும் இருந்தால், திருத்த மூன்று மாதம் ஆகும். புதுசாகக் கற்பதைவிடத் திருத்துவது சலிப்பான வேலை. இதை ஒளிக்க விரும்பவில்லை.

வீணைக்கு வருகிறேன். இதில் அவசரப்பட்டு வாத்தியத்தையே கெடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பரணிலிருந்து இறக்கும்போது இரண்டு பேர் வேண்டும். முழு வீணை சுமார் நாலடி நீளம், எட்டு கிலோவுக்குக் கிட்டத்தட்ட வரும். ஒருவர் உருண்டையான குடத்தைத் தாங்க வேண்டும், இன்னொருவர் மறுமுனையில் உள்ள யாளி முகத்துக்குக் கீழே நீண்ட கழுத்துப் பகுதியான தண்டியைத் தாங்க வேண்டும். தண்டிக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைப் பிடித்துத் தூக்காதீர்கள், அது திருகில் நிற்பது. உறையைக் கழற்றியதும் தூசு தட்டக் கை பரபரக்கும். ஈரத்துணி வேண்டாம். முதலில் மெழுகைப் பாருங்கள்.

வீணையில் 24 மெட்டு. அவை நிற்பது ஆணியில் அல்ல, மெழுகில். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரிப்பொடியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகு. மெட்டுகள் இப்படி ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் அமைப்பு 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தில் வந்தது என்பார்கள். அதற்கு முன்னால் ராகத்துக்கு ஏற்ப மெட்டை நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. நிலையாக நிற்கிறது என்று பெயர்தானே தவிர, மெழுகு மெழுகுதான். சென்னை வெயிலில், அதுவும் கான்கிரீட் கூரைக்கு அடியில் நாற்பது கோடை கிடந்த மெழுகு இளகி, நகர்ந்து, பிறகு வறண்டு வெடித்திருக்கும். சில மெட்டு சாய்ந்திருக்கும், இரண்டு மூன்று விழுந்தே இருக்கும். அதைப் பார்த்து வீணை போயிற்று என்று முடிவு கட்டாதீர்கள். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துப் புது மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டு நிறுத்துவதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். தினமும் வாசிக்கிற வீணைக்கே சில வருஷத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை அது. தெரிந்த ஆசாரி இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார். வீட்டில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றிப் பார்த்த ஒரு பொறியாளரை எனக்குத் தெரியும். அந்த வீணையைச் சுத்தம் செய்ய ஆசாரிக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கவலைப்பட வேண்டியது மரத்துக்குத்தான். குடத்தில் விரிசல் இருக்கிறதா, தண்டி வளைந்திருக்கிறதா, சிறு ஓட்டை போட்டுப் பூச்சி மாவு கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது பொக்கிஷம். வீணைக்குப் பலா மரம்தான், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தஞ்சாவூர் ஆசாரிகளிடம் தனி மரியாதை. அந்த மரம் காயக் காய நாதம் கூடும். நாற்பது வருஷம் காய்ந்த பலாவைக் கொடுத்துவிட்டு, பளபளவென்று புது வீணை வாங்க யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையாக இருந்தால் இன்னும் பத்திரம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. துருப்பிடித்த பழைய தந்தியை, பிரடை எனும் முறுக்காணியைத் திருகி சுருதிக்கு ஏற்றிப் பார்க்காதீர்கள். சாரணி எனும் முதல் தந்தி அறுந்தால் முகத்தில் அடிக்கும். நாற்பது வருஷம் சும்மா கிடந்த தண்டிக்கு ஒரே நாளில் ஏழு தந்தியின் இழுவையையும் கொடுத்தால் அதுவும் தாங்காது. நாலு வாசிப்புத் தந்தி, மூன்று தாளத் தந்தி எல்லாவற்றையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். முதல் ஒரு மாதம் இரண்டு கட்டைக்குக் கட்டி வைத்து, மரம் பழகிய பிறகு மூன்று கட்டைக்கு ஏற்றலாம். உங்கள் விரலுக்கும் அதுதான் நல்லது, தாழ்ந்த சுருதியில் தந்தி இளக்கமாக இருக்கும்.

விரல் என்றதும் வலி பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீணை வாசிக்கிறவர்களின் இடது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் திருப்பிப் பார்த்தால், நுனியில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். தந்தி அறுத்து அறுத்துக் காய்த்த கோடு. உங்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது மறைந்திருக்கும். மறுபடி உண்டாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். முதல் வாரம் எரியும், இரண்டாம் வாரம் கொப்புளம் மாதிரி வரும். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தொட்டுக்கொண்டால் விரல் வழுக்கி நகரும், தோல் பிய்யாது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே பாதி ஞாபகம் வந்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. பழைய வாத்தியார் வீட்டுத் திண்ணை, பாய், சாயங்கால வெளிச்சம் எல்லாம் அந்தப் பஞ்சில் இருக்கிறது.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், விரல் நுனிப் புண் ஆற நாளாகும், அதனால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். மடக்கிய விரல் காலையில் சொடக்கிட்டு நிமிர்வது, தோள்பட்டை இறுகிப்போவது ஆகிய இரண்டும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். அந்த அறிகுறி தெரிந்தால் வாசிப்பால் வந்தது என்று நீங்களே தீர்மானிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லையா? குட்டை மேடையில் உட்கார்ந்து வாசிக்கலாம், வீணையை வைக்கத் தாங்கிகள் வந்திருக்கின்றன. தரையில் உட்காராமல் வாசித்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள் என்று சொல்கிற ஆசிரியரிடம் முட்டி மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பணமும் தருவீர்களா என்று கேளுங்கள்.

சாதகத்துக்கு எவ்வளவு நேரம்? காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுக்கத் தொடாமல் இருப்பதால் ஒரு பயனும் இல்லை, தோல் பிய்வதுதான் மிச்சம். வீணையை உறையில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். இறக்கி, உறை கழற்றி, சுருதி கூட்டுவதற்குள் குக்கர் விசில் அடித்துவிடும். ஒரு மூலையில் பாய் விரித்து, மேலே மெல்லிய துணி மட்டும் போட்டு, கண்ணில் படுகிற மாதிரி வைத்திருங்கள். போகிற வருகிற வழியில் ஒரு தரம் ஸ-ப-ஸ மீட்டிவிட்டுப் போகத் தோன்ற வேண்டும்.

பாடம் எங்கிருந்து? மறுபடி சரளியிலிருந்தா என்று திரும்பி வருகிற எல்லோரும் மனம் சோர்ந்து கேட்பார்கள். ஆமாம், ஆனால் நாலு வாரம்தான். மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை இரண்டையும் முதல் காலத்தில், ஒரு ஸ்வரம்கூட அதிராமல். அதற்கு மேல் அதிலேயே ஒரு வருஷம் உட்காரச் சொல்கிற ஆசிரியர் உங்களைக் குழந்தை என்று நினைக்கிறார். ஐந்தாம் வாரம் பிள்ளையார் கீதம், பிறகு அலங்காரங்களோடு சேர்த்து மோகன வர்ணத்தின் பல்லவி. வர்ணம் உள்ளே இருப்பதால் அது வெளியே வரத் துடிக்கும், விட்டுவிட வேண்டியதுதான்.

இங்கே எனக்கு ஒரு கட்சி உண்டு. வயதானவர்களுக்குத் தானத்தை, அதாவது தாளக் கட்டு இல்லாமல் ஒரு ராகத்தின் ஸ்வரங்களை லயத்தோடு கோத்து மீட்டுவதை, சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிடுவேன். கிருதிகள் எனும் முழுப் பாட்டுகள் பத்துப் பதினைந்து முடிந்த பிறகுதான் தானம் என்பது முறை, முறை தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிருதியின் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து இழுப்பதற்கு, இடது கைக்குப் பலம் வேண்டும், மூன்றாம் காலத்துக்கு வேகம் வேண்டும். இரண்டும் 56இல் மெதுவாகத்தான் வரும். தானம் வலது கையின் மீட்டிலும், சுண்டுவிரல் தட்டுகிற தாளத் தந்தியிலும் ஓடுவது. "அனந்தம் ஆனந்தம்" என்று மனதில் சொல்லிக்கொண்டே, மோகனத்தில் ஐந்து ஸ்வரத்துக்குள் நாலு நாலாகச் சேர்த்து மீட்டினால் மூன்றாவது மாதமே ஒரு தானம் மாதிரி வரும். எந்த ஸ்வரத்துக்குப் பின் எது அழகு என்பதை உங்கள் காது சொல்லும், நாற்பது வருஷம் கேட்டிருக்கிறதே. பதினாறு வயதுப் பெண்ணால் முடியாத ஒன்றை நீங்கள் முதல் முதலாகச் செய்கிற இடம் அது. காதுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி என்றேன் அல்லவா, அந்தப் பள்ளத்தில் காது விரலுக்குக் கை கொடுக்கிற ஒரே படிக்கட்டு தானம்தான். என் வகுப்பில் நிறுத்தாமல் தங்கியவர்களில் அநேகம் பேர் தானத்தில் சிக்கியவர்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒழுங்காக உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கீதங்கள், ஸ்வரஜதி. ஒரு வருஷத்தில் மோகன வர்ணம் இரண்டு காலமும். மூன்று வருஷத்தில் ஏழெட்டுக் கிருதிகள், உங்கள் காது வெட்கப்படாத அளவுக்கு. அடதாள வர்ணம் மூன்று காலம், ஆலாபனையில் மின்னல் பிருகா எல்லாம் வேண்டுமென்றால் எனக்கு நம்பிக்கையில்லை. வேறு யாராவது நம்பிக்கை கொடுத்தால் அவர் சம்பளத்தைப் பற்றி யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரைத் தேடும்போது பெயரையும் சபாவையும் பார்க்காதீர்கள். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் மகள் வயதுப் பெண் ஆசிரியராக அமையலாம். அவளை நீங்கள் "டீச்சர்" என்பதும் அவள் உங்களை "மாமி" அல்லது "ஆன்ட்டி" என்பதும் முதல் இரண்டு வகுப்புக்குத்தான் விசித்திரமாக இருக்கும். ஆன்லைன் வகுப்பு கேட்டால், முதல் மூன்று மாதம் வேண்டாம். இடது கைக் கட்டைவிரல் தண்டிக்கு அடியில் எப்படி நிற்கிறது, மணிக்கட்டு மடிகிறதா என்பது போன் கேமராவில் தெரியாது. கை உட்கார்ந்த பிறகு ஆன்லைனில் தொடரலாம். சத்தம் தாமதித்து வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாது, ஆளுக்கு ஒரு ஆவர்த்தனமாக மாற்றி மாற்றி வாசிக்க வேண்டியிருக்கும். ஒன்றும் மோசமில்லை.

வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். சிரிப்பைவிட, அதற்கு முந்தின வரி என்னை நிறுத்தியது. "பரீட்சை முடியட்டும் என்றார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "என்றார்கள்" நாற்பது வருஷம் கழித்தும் உங்கள் கடிதத்தில் நிற்கிறது. கோபம் நியாயமானது. நானும் கல்யாணமான புதிதில் ஒன்பது வருஷம் வீணையைத் தொடாமல் இருந்தவள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாசி என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். திரும்ப உட்கார்ந்தபோது முதல் ஒரு வருஷம் நான் வாசித்தது வீணையே இல்லை, ஒன்பது வருஷத்துக்கான வழக்கு. ஒவ்வொரு அபஸ்வரமும் அவர்கள் செய்த குற்றம். இப்படி வாசித்தால் விரல் இறுகும், கை இறுகினால் கமகம் வராது. மனத் தத்துவமாக இதைச் சொல்லவில்லை, மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரிகிற விஷயம். சிரிக்கிறவர்களிடம் நிரூபிக்கத் தேதி குறித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தத் தேதி வரைதான் வாசிப்பீர்கள். மகன் கல்யாணத்தில் வாசிக்கிறேன், அறுபதாம் கல்யாணத்தில் வாசிக்கிறேன் என்று யாரிடமும் இப்போது வாக்குக் கொடுக்காதீர்கள். சிரிப்பு மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடும். பிறகு வீணைச் சத்தம் கேட்காத நாளில்தான் "ஏன் இன்னிக்கு வாசிக்கல?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

மேடை இல்லையே என்ற குறை இருந்தால் ஒன்று சொல்கிறேன். வீணை மேடைக்குப் பிறந்த வாத்தியமே இல்லை, அதன் ஒலி ஒரு கூடத்துக்கானது. வீணை தனம்மாள், 1938இல் மறைந்தவர், வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வாசிப்பார். மைக் கிடையாது. அந்தக் காலத்துப் பெரிய வித்வான்களே அங்கே வந்து, மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். உங்கள் கூடத்தில் கணவரும், பக்கத்து வீட்டு அம்மாவும், ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அந்த வாத்தியத்துக்கு வேண்டிய சபை கூடிவிட்டது.

கடைசியாக, குழந்தைகளோடு உட்காரும் வெட்கம். என்னிடம் சனிக்கிழமை மூன்று மணி வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தியும், மேலே சொன்ன தலைமையாசிரியை மாமியும் அடுத்தடுத்த பாயில் உட்காருகிறார்கள். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இல்லை, இரண்டு பேருக்கும் அந்த நேரம்தான் ஒத்துவந்தது. முதல் இரண்டு வாரம் மாமி தலை நிமிரவில்லை. குழந்தை மளமளவென்று அலங்காரம் வாசிக்கும். மாமி மத்யமத்தில் தட்டுத் தடுமாறி, தந்தி கொரகொரவென்று கத்தும். அவர் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். மூன்றாவது வாரம் நான் உள்ளே காபி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது குழந்தை தன் பாயை விட்டு எழுந்து மாமியின் வீணைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு தந்தியைத் தொடுகிற தூரத்தில்.

"பாட்டி, விரல் ரொம்பத் தள்ளி இருக்கு. மெட்டை ஒட்டி வைங்க."

ஒரு பள்ளிக்கே தலைமையாசிரியையாக இருந்தவர் விரலை இழையளவு நகர்த்தினார். மீட்டினார். மத்யமம் சுத்தமாக விழுந்தது.

"அதான்," என்று சொல்லிவிட்டுக் குழந்தை தன் பாய்க்குப் போய்விட்டாள்.